ஜமாதார் பிடித்த ஒரு ரூபாய்: அகமதாபாத் 2030 ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய காமன்வெல்த் விளையாட்டுச் சங்கம், குஜராத் அரசு, அகமதாபாத் மாநகராட்சி

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

கிளாஸ்கோவில் 2025 நவம்பர் 26 அன்று, 2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்கு என்று முடிவானபோது நான் சந்த்கேடாவில் மகன் வீட்டில் வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீழ்த்தளத்தில் யாரோ தீபாவளிக்கு மிச்சம் வைத்திருந்த சரவெடியைக் கொளுத்தினார்கள். பேரன் ஓடி வந்து, "பாட்டி, நம் வீட்டுப் பக்கத்திலேயே!" என்றான். மொட்டேரா மைதானம் எங்களுக்குப் பக்கம்தான். எனக்கும் மகிழ்ச்சிதான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிப்பவர் பாதியில், "இந்தக் கிழவிக்கு விளையாட்டே பிடிக்காது போலிருக்கிறது" என்று மடலை மூடி வைத்துவிடுவார்.

நான் தில்லியில் தணிக்கை அலுவலகம் ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் எழுத்தராகவும் பின்னர் அதற்குச் சற்று மேலாகவும் வேலை பார்த்து 2021இல் ஓய்வு பெற்றவள். லோதி காலனி அரசுக் குடியிருப்பில்தான் பிள்ளைகளை வளர்த்தேன். ஜவாஹர்லால் நேரு மைதானம் அங்கிருந்து நடந்து போகும் தூரம். ஆகவே என் வாழ்க்கையில் இது இரண்டாவது முறை: வீட்டுக்குப் பக்கத்தில் காமன்வெல்த் போட்டி. முதல் முறை பார்த்ததை வைத்துத்தான் உங்களிடம் ஒன்றைக் கேட்கப் போகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதில் வருகிறவர்கள் பலர் தமிழர்கள். குஜராத்தி மொழிபெயர்ப்பை மகன் தனியே அனுப்புவான்.

கேட்பது இதுதான். இந்தப் போட்டிக்காக யாருடைய வீட்டையாவது, கடையையாவது எடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் பட்டியலையும் மாற்று இடத்தையும் 2028 டிசம்பர் 31க்குள் வெளியிட்டு, குடியமர்த்தியும் முடித்துவிடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு கூரையும் இறங்கக் கூடாது. அதற்குள் முடியாத கட்டடம் வேண்டாம்.

ஏன் தேதி கேட்கிறேன் என்று புரிய வேண்டுமானால் எங்கள் அலுவலகத்துச் சிவப்புச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பின் தலையில் 'மிக அவசரம்' என்று அச்சிட்ட சிவப்புச் சீட்டு ஒன்றைக் குத்தி அனுப்புவார்கள். புதிதாகச் சேர்ந்தபோது, ஏதோ நாட்டுக்கே ஆபத்து போலிருக்கிறது என்று பதறிப் படிப்பேன். பத்து ஆண்டுகள் கழித்துப் புரிந்தது: முக்கால்வாசிக் கோப்புகள் எங்கோ ஒரு மேசையில் ஏழெட்டு மாதம் தூங்கிவிட்டு, கேள்வி கேட்க நேரமில்லாத ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் சிவப்புச் சீட்டோடு எழுந்து வரும். மூன்று ஒப்பந்தப்புள்ளி கேட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும். "ஏன்?" என்று கேட்டால், "நேரமில்லை அம்மா, சீட்டைப் பாருங்கள்" என்பார்கள்.

தில்லிக்கு 2010ஆம் ஆண்டுப் போட்டி கிடைத்தது 2003 நவம்பரில், ஜமைக்காவின் மாண்டிகோ பேயில். எதிர்த்து நின்றது கனடாவின் ஹாமில்டன், அதாவது 1930இல் முதல் போட்டியை நடத்திய அதே ஊர். நீங்கள் நடத்தப் போவது அதன் நூற்றாண்டு விழா. ஏழு ஆண்டு கையில் இருந்தது. அந்த ஏழில் பெரும்பகுதி குழுக்கள் அமைப்பதிலும் எந்தக் குழு யாருக்குப் பதில் சொல்வது என்ற சண்டையிலும் போனது. கடைசி இரண்டு ஆண்டுகளில் நகரம் முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டினார்கள். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கினால் காலையில் இருந்த நடைபாதை மாலையில் இருக்காது. 2011இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: முதலில் சில ஆயிரம் கோடியைக்கூட எட்டாத மதிப்பீடு, முடிவில் 18,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பத்திரிகைகள் கழிப்பறைத் தாளின் விலையையும் வாடகைக்கு எடுத்த ஓட்டப்பயிற்சி இயந்திரத்தின் விலையையும் எழுதிச் சிரித்தன. சிரிப்பதற்கு அவை வசதி. ஆனால் அந்தச் சில்லறைகளுக்கும் பெரிய தொகைகளுக்கும் பொதுவாக இருந்தது சிவப்புச் சீட்டுதான்.

போட்டி தொடங்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, செப்டம்பர் 21 அன்று, மைதானத்துக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் சரிந்து தொழிலாளர்கள் 27 பேர் காயமடைந்தார்கள். மறுநாள் மைதான வளாகத்துக்குள்ளேயே ஓர் அரங்கின் பொய்க்கூரையில் ஒரு பகுதி விழுந்தது. ராணுவப் பொறியாளர்கள் வந்து சில நாள்களில் வேறொரு பாலம் போட்டுக் கொடுத்தார்கள். வீரர்கள் தங்கும் அறைகளில் அழுக்கு இருப்பதாகக் குறை எழுந்தபோது, சுத்தத்தைப் பற்றி அவரவர்க்கு அவரவர் அளவுகோல் என்று ஏற்பாட்டுக் குழுவின் பெரிய பொறுப்பில் இருந்தவரே விளக்கம் சொன்னார். அன்று எங்கள் தெருப் பெண்கள் யாருக்கும் அது சிரிப்பாக இல்லை. எங்கள் வீடுகளைத் துடைத்துப் பெருக்கியவர்களின் வீடுகளைத்தான் ஐந்து மாதத்துக்கு முன்பு இடித்திருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது பெரியவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டதில்லை. 'பாப்பா அம்மா' என்பார், என் மகளை வைத்து. ஜங்புராவில் பாராபுல்லா நாலாக் கரையில் குடிசை. நாலா என்றால் பெரிய சாக்கடைக் கால்வாய். அங்கே 350க்கும் மேற்பட்ட குடும்பங்கள், பெரும்பாலும் தமிழ் தலித்துகள், முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளாக இருந்தன. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஆடி மாதத்தில் ஒரு தூக்குச்சட்டி கூழ் எங்கள் வீட்டுக்கும் வரும். 2010 ஏப்ரல் நடுவில் ஒரு நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் வந்தவர் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம், பாப்பா அம்மா."

மைதானத்துக்கு வரும் வாகனங்களை நிறுத்த இடம். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். இடிக்க வந்தவர்கள் எந்த அலுவலகத்தின் ஆட்கள் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அரசு அலுவலகத்து நடைமுறை தெரியும் என்பதால் நானும் நாலைந்து வாசல் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் பக்கத்து வாசலைக் காட்டினார்கள்.

இதில் என்னை உறுத்தியது தேதிதான். அந்த ஆண்டு பிப்ரவரி 11 அன்று தில்லி உயர்நீதிமன்றம் சுதாமா சிங் வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்திருந்தது. தலைமை நீதிபதி ஏ.பி. ஷாவும் நீதிபதி எஸ். முரளிதரும் கொடுத்தது. குடிசைவாசிகளை அப்புறப்படுத்துவதற்கு முன் கணக்கெடுக்க வேண்டும், அவர்களோடு பேச வேண்டும், மறுவாழ்வு தர வேண்டும் என்று தெளிவாகச் சொன்ன தீர்ப்பு. இரண்டே மாதத்தில் ஜங்புராவில் இடித்தார்கள். சட்டம் தெரியாமல் இடித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கணக்கெடுக்கவும் பேசவும் நேரமில்லாத நிலைக்கு நகரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அந்த நேரமின்மையையே காரணமாகக் காட்டினார்கள்.

பாராபுல்லா என்ற பெயரை நீங்கள் வேறு விதத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சாக்கடைமேல்தான், வீரர்கள் விளையாட்டுக் கிராமத்திலிருந்து சிக்னலில் நிற்காமல் மைதானத்துக்கு வர, உயர்மட்டச் சாலை கட்டினார்கள். அழகான சாலை, நானும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதன் கீழே, மதராஸி கேம்ப் என்று இன்னொரு தமிழ்க் குடியிருப்பு அப்போது தப்பித்துக்கொண்டது. அக்காவின் மகளைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான்; குடிசை போன பிறகு அக்காவும் மகளோடு போய் ஒட்டிக்கொண்டார். 2025 ஜூன் 1 அன்று அதையும் இடித்தார்கள். இந்த முறை காரணம் விளையாட்டு இல்லை; மழைநீர் வடிகாலை அடைக்கிறது என்று உயர்நீதிமன்ற உத்தரவின்படி நடந்தது. ஏறக்குறைய 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி என்று முடிவானது. நரேலா ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். காலை ஆறரை மணிக்கு லோதி காலனியில் காப்பிப் பாத்திரம் தேய்க்க வேண்டிய பெண் நரேலாவில் எத்தனை மணிக்கு எழுந்து பஸ் ஏற வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள். அக்காவின் மகள் வேலையை விட்டுவிட்டாள். தொலைபேசியில் அக்கா சொன்னார்: "வீடு நல்லாத்தான் இருக்குது. சோறுதான் தூரமாப் போயிடுச்சு."

இனி 1982க்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்றவர்களுக்கு வரிசையாகச் சொல்ல வராது.

அந்த ஆண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. மேம்பாலங்களும் அரங்குகளும் எழும்பிக்கொண்டிருந்தன. மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கத்தைச் சேர்ந்த மூவர் கட்டுமான இடங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வழக்கு மனு இல்லை, வெறும் கடிதம். அதையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். அதில் இருந்த கணக்கு எனக்குத் தணிக்கைக்காரி என்ற முறையில் மிகவும் பிடிக்கும். தொழிலாளிக்கு நாள்கூலி ஒன்பதேகால் ரூபாய். ஒப்பந்ததாரர் அந்தப் பணத்தை ஜமாதார் கையில் கொடுப்பார். ஜமாதார் என்றால் ஆள் பிடித்து வருபவர். நம் மலைத்தோட்டத்து வழக்கில் கங்காணி. அவர் ஒரு ரூபாயைத் தன் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு எட்டேகால் ரூபாயைக் கொடுப்பார். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஒப்பந்ததாரர் குறைந்தபட்சக் கூலி கொடுத்துவிட்டார், அரசு ஒப்பந்ததாரருக்குக் கொடுத்துவிட்டது. ஒரு ரூபாய் மட்டும் வழியில் இறங்கிவிட்டது.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று பகவதி எழுதினார். ஒப்பந்ததாரரிடம் வேலையை விட்டுவிட்டதால் அரசின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்றும் எழுதினார். ஒரு கடிதத்தால் இந்தியச் சட்டத்துக்குள் வந்த வரிகள் அவை. பகவதி யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் உங்கள் குஜராத் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

ஆனால் தீர்ப்பின் தேதியைப் பாருங்கள்: 1982 செப்டம்பர் 18. தொடக்க விழா நவம்பர் 19. சாரம் அவிழ்க்கும் நேரத்தில் நியாயம் வந்து சேர்ந்தது. இருபத்தெட்டு ஆண்டு கழித்து 2010இல், அதே சங்கம் அதே தில்லியில் மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போனது. உயர்நீதிமன்றம் அமைத்த குழு கட்டுமான இடங்களைப் பார்த்துவிட்டு, குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படவில்லை, பாதுகாப்புக் கருவிகள் போதவில்லை என்று மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அப்போதும் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிட்டிருந்தது. அதனால்தான் உங்களிடம் நல்ல எண்ணத்தைக் கேட்காமல் தேதியைக் கேட்கிறேன். நல்ல எண்ணம் இரண்டு முறையும் இருந்தது. இரண்டு முறையும் தாமதமாக வந்தது.

உங்கள் ஊரைப் பற்றி நான்கு ஆண்டுகளில் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். தவறாக இருந்தால் திருத்துங்கள். சாபர்மதி ஆற்றங்கரைத் திட்டத்தில் இரு கரையிலும் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. மாலை நேரத்தில் பேரனோடு அந்த நடைபாதையில் நானும் நடக்கிறேன், காற்று நன்றாக இருக்கிறது. வட்வாவிலும் ஒடாவிலும் கொடுத்த அடுக்குவீடுகளுக்குப் போனவர்கள் உண்டு. வீடு வரும்வரை கணேஷ்நகரில் நகரத்துக் குப்பைமேட்டின் பக்கத்தில் கூரையில்லாமல் பல ஆண்டுகள் காத்திருந்தவர்களும் உண்டு. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் வந்தபோது விமான நிலையச் சாலையில் இந்திரா பாலத்துக்குப் பக்கத்தில் குடிசைகளை ஒட்டி ஒரு மதில் எழும்பியது. ஆக்கிரமிப்பைத் தடுக்க முன்பே திட்டமிட்டது என்று மாநகராட்சி சொன்னது. இருக்கலாம். தில்லியில் 2010இல் மதில்கூடக் கட்டவில்லை, போட்டியின் சின்னமான ஷேரா புலி சிரிக்கும் தட்டிகளை வைத்தே குடிசைகளை மறைத்தார்கள். மதில் இன்னும் கொஞ்சம் நாள் தாங்கும்.

அதே சாபர்மதிக் கரையில் வேறொன்றும் நடந்திருக்கிறது, அதைத்தான் நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். சுல்தான் அகமது ஷா காலத்திலிருந்து, 600 ஆண்டுகளாக நடக்கும் குஜரி பஜார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழைய பூட்டு, பழைய புத்தகம், கட்டில் கால், ஆட்டுக்குட்டி, எல்லாம் கிடைக்கும். நான் அங்கே ஓர் இட்லித் தட்டு வாங்கினேன். அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். ஆற்றங்கரைத் திட்டத்தால் சந்தை அழிய இருந்தது. வியாபாரிகளுக்கு ஒரு சங்கம் இருந்தது, அது நீதிமன்றம் போனது, படித்தவர்கள் சிலர் துணைக்கு வந்து மாற்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள், பேச்சு நடந்தது. இப்போது மேடையும் மரநிழலும் உள்ள இடத்தில், அதே கரையிலேயே, சந்தை நடக்கிறது. எல்லோருக்கும் இடம் கிடைத்ததா, வாடகை கட்டுபடியாகிறதா என்று வியாபாரிகளைக் கேட்டால் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சந்தை இருக்கிறது. உட்கார்ந்து பேசினால் எவ்வளவு நாளாகும் என்பதற்கு உங்கள் கோப்புகளிலேயே கணக்கு இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால்தான் 2028 என்கிறேன். இப்போதே தொடங்கினால்தான் அதற்குள் முடியும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2010 மே மாதம், தில்லியில் நாங்கள் தூசியில் இருமிக்கொண்டிருந்தபோது, இங்கே வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னால் ஆராய்ந்து கண்டார்கள். அதற்குப் பிறகு 2013இல் அகமதாபாத் மாநகராட்சி வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதுதான் முதல். வேறு நகரங்கள் உங்களைப் பார்த்து எழுதிக்கொண்டன. அந்தப் பெருமை உங்களுக்கு உண்டு. ஆகவே கேட்கிறேன்: அரங்குகள் எழும்பும் அடுத்த சில கோடைகளில், பகல் பன்னிரண்டு மணிக்கு கான்கிரீட் தளத்தின்மேல் யார் நிற்பார்கள்? காலையில் இங்கே கடியா நாக்காக்களில், அதாவது கூலிக்கு ஆள் எடுக்கும் முச்சந்திகளில், தாஹோதிலிருந்தும் பான்ஸ்வாடாவிலிருந்தும் வந்த ஆதிவாசிக் குடும்பங்கள் குழந்தையும் கையுமாக நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களில் பலர் மேம்பாலத்தின் அடியிலோ காலி மனையிலோ படுத்து எழுகிறவர்கள். அவர்களுக்கு இந்த ஊரில் முகவரி இல்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் பெயர் வராது. கத்தார்கூட 2021 முதல் கோடையில் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெட்டவெளி வேலையைத் தடை செய்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே வேலை செய்ததால் எனக்குத் தெரியும், அந்தத் தடை வந்தது எத்தனை சவப்பெட்டிகளுக்குப் பிறகு என்று. நீங்கள் அதை முதல் கோடையிலேயே ஒப்பந்தத்தில் எழுதுங்கள், இழந்த மணிநேரத்துக்குக் கூலியோடு. கூலி எவ்வளவு என்பதை ஒவ்வொரு கட்டுமான வாசலிலும் குஜராத்தியிலும் இந்தியிலும் பெரிய பலகையாக எழுதி வையுங்கள். எழுத்து தெரியாதவருக்கும் எண் தெரியும். ஜமாதார் ஒரு ரூபாய் பிடித்தால் அவரே கேட்டுக்கொள்வார்.

கட்டுவதைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2026க்கான போட்டியை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செலவு தாங்காது என்று 2023 ஜூலையில் கைகழுவியது. கிளாஸ்கோ அதை எடுத்துக்கொண்டு, பத்தே விளையாட்டு, இருக்கிற அரங்குகளே போதும் என்றது. நீங்கள் 15 முதல் 17 விளையாட்டு என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்களிடம் 1,32,000 பேர் அமரும் மைதானம் இருக்கிறது, நாரண்புராவில் 2025 செப்டம்பரில் திறந்த புது வளாகம் இருக்கிறது. 2036 ஒலிம்பிக்குக்கு இது ஒத்திகை என்ற பேச்சு காதில் விழும்போதுதான் எனக்குக் கலக்கம் வருகிறது. ஒத்திகை என்று சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் கட்டலாம், எல்லாவற்றின்மேலும் சிவப்புச் சீட்டைக் குத்தலாம்.

விளையாட்டு பிடிக்கும் என்று தொடக்கத்தில் எழுதினேன் அல்லவா. 2010 அக்டோபர் 11 மாலை, மகளோடு நான் அந்த மைதானத்துக்குள் இருந்தேன். பெண்கள் வட்டு எறிதல். கிருஷ்ணா பூனியா, ஹர்வந்த் கவுர், சீமா அன்டில், மூன்று பதக்கமும் நம் பெண்களுக்கே. 1958இல் மில்கா சிங் ஓடி வென்றதற்குப் பிறகு காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்குத் தங்கம் அன்றுதான். முன்வரிசையில் இருந்த ஒரு ஹரியாணாக்காரப் பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுழற்றினார். நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஹாக்கியில் நாம் தோற்ற பிறகும் 38 தங்கத்தோடு 101 பதக்கம் என்று முடிந்தபோது, அத்தனை ஊழலையும் மறந்துவிட்டு எங்கள் அலுவலகத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். வட்டு எறிதல் பார்த்த அன்று மைதானத்தை விட்டு வெளியே வந்து, வாகனம் நிறுத்தும் இடத்தைத் தாண்டி நடந்தபோதுதான் அது எந்த இடம் என்று மகள் நினைவூட்டினாள். இதை மனம் உருக வேண்டும் என்று எழுதவில்லை. பாதி இடம் காலியாக இருந்தது என்பதற்காக எழுதுகிறேன். அவ்வளவு வண்டிகள் வரவே இல்லை.

ஓட்டக்காரர் பி.டி. உஷா அம்மா அவர்களுக்குத் தனியாக ஒரு வரி. லாஸ் ஏஞ்சலஸில் 1984இல் நூறில் ஒரு நொடியில் நீங்கள் பதக்கத்தை இழந்த இரவில் நாங்கள் வானொலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நேரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. சங்கத்தின் தலைவராக, இந்தத் தேதியை ஏற்பாட்டுக் குழுவின் முதல் தீர்மானங்களில் ஒன்றாக எழுதி வைக்க உங்களால் முடியும்.

மொட்டேரா மெட்ரோ நிலையத்துப் படியடியில் வேர்க்கடலை விற்கும் பெண் ஒருவர் இருக்கிறார். தள்ளுவண்டி வைத்திருக்கிறார்; இங்கே அதற்கு 'லாரி' என்று பெயர், முதல் முறை கேட்டபோது நான் லாரியைத் தேடினேன். 2014இல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டத்தின்படி அவருக்குச் சான்றிதழ் கிடைக்க வேண்டும்; கேட்டால், விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன் என்கிறார். போட்டி அறிவிப்பு வந்த வாரத்தில் அவர் கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்: "பென், அந்த விளையாட்டு வரும்போது நல்ல வியாபாரம் நடக்கும்தானே? எங்களை இருக்க விடுவார்களா?" 'பென்' என்றால் இங்கே சகோதரி. எனக்கு வந்த அரைகுறைக் குஜராத்தியில், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆகவே பதில் எழுதும்போது தயவுசெய்து பெரிய எழுத்தில், தேதியை எண்ணால் குறிப்பிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர் ஒருவர்
சந்த்கேடா, அகமதாபாத்